சுவருக்குள் ஏறும் ஈரம்

நல்லூரில் நாங்கள் இருப்பது பழைய ஓட்டு வீடு. சுவரெல்லாம் சுண்ணாம்புச் சாந்து. கடந்த மாரிக்குப் பிறகு, உம்மம்மா படுக்கும் அறையில் காரை உதிர்ந்தது. வாப்பா சீமெந்து பூசினார். ஆறு மாதத்தில் அந்தப் பூச்சுக்கு மேலே உப்புப் பூத்தது. அறையில் பூஞ்சண மணம். உம்மம்மாவுக்குத் தொய்வு கூடிவிட்டது.

பிழை சீமெந்தில் இல்லை, பூசிய இடத்தில்தான் என்றார் வயதான மேசன் ஒருவர். இந்த வீட்டு அத்திவாரத்தில் ஈரம் தடுக்கும் படை இல்லை. நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே உலரவிடும். சீமெந்து வழியை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும். அதில் கரைந்துவரும் உப்பு, காயும்போது பளிங்காகிக் காரையைத் தள்ளிவிடும்.

அவர் முதலில் சுவரைத் தொடவேயில்லை. கூரையில் விலகிய ஓடுகளைச் சரிசெய்து, பீலியில் அடைந்திருந்த வேப்பஞ்சருகை அள்ளினார். பிறகுதான் சீமெந்தைக் கொத்தி எடுத்து, இரண்டு மாதம் சுவரைக் காயவிட்டார். (உம்மாவுக்குத்தான் பொறுமை போய்விட்டது.) நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, அரித்த மணல் மூன்று பங்கு, மெல்லிய படைகளாகப் பூசி, சட்டென்று காயாதபடி ஈரச்சாக்குத் தொங்கவிட்டார். வர்ணத்துக்குப் பதிலாக வெள்ளையடித்தோம். பிளாஸ்டிக் வர்ணமும் சீமெந்து போலத்தான் அடைக்குமாம்.

பருத்தித்துறை வீதியில் மந்திரிமனையைக் கடக்கும்போதெல்லாம் இப்போது என் கண் அதன் சுவர்க் காரைக்குத்தான் போகிறது.

உம்மம்மாவின் கட்டில் இன்னும் விறாந்தையில். இந்த மாரி கழியட்டும், பார்ப்போம் என்கிறார்.