பழைய மோட்டார் வண்டிக்கேற்ற மின்னாக்கி

மின் நிலையம் ஒன்றை வகுப்போர், முதற்கண் மின்சாரச் செலவைக் கணக்கிட்டு, அதன் பின்னரே இயந்திரத்தின் அளவைத் துணிவர். 1962-ஆம் ஆண்டு மின்சாரம் பிறப்பிக்கத் தொடங்கிப் பின்னர் 600 மெகாவாட் ஆற்றல் எய்தி, 2020-ஆம் ஆண்டு வரை இயங்கிய அனல்மின் நிலையத்தை உடையதாயிருந்த நெய்வேலிக்கு அணித்தாகிய கம்மாபுரத்தில் வாழும் நாம் இவ்வுண்மையை அறியாதாரல்லேம். ஆயினும், நம் வீட்டு வாயிலில் நிற்கும் பழைய அம்பாசிடர் வண்டியும் ஒரு சிறு மின் நிலையமே என்பதை மறந்துவிடுகின்றோம்.

சென்ற கார்த்திகை மாதத்து அடைமழையில், சிதம்பரத்தினின்று இரவில் அவ்வண்டியில் திரும்பினோம். மழைத் துடைப்பான் ஓட ஓட முன்விளக்குகள் மங்கின. பாலமொன்றின் கைப்பிடிச் சுவர் மிக அருகில் வந்த பின்னரே கண்ணுக்குப் புலனாயிற்று. மறுநாள் வண்டியைக் கண்ட மிஸ்திரி, “கிடைப்பதில் பெரிய ஆல்டர்னேட்டராகப் பார்த்து மாட்டிவிடுங்கள், ஐயா; பிறகு கவலையே இல்லை,” என்றார். அவர் கூறியது தகுமோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பழைய அம்பாசிடர் வண்டிகளிலும், அவற்றிற்கு மூலமாகிய மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியிலும் இருந்தது டைனமோ ஆகும். அக்காலத்து லூகாஸ் டைனமோக்களுள் பெருவழக்காயிருந்த சி 40 என்பது 22 ஆம்பியரே தரவல்லது. டைனமோவில் மின்சாரம் உண்டாகும் சுருள் சுழல்கின்றது. ஆகவே மின்சாரம் முழுவதும் கரித்துண்டுகளின் வழியாகவே வெளிவருதல் வேண்டும். அதனை மிக விரைவாகச் சுழற்றுதல் இயலாது; இயந்திரம் மெதுவாய் ஓடுங்கால் அது தருவதோ அற்பம். ஆல்டர்னேட்டரில் மின்சாரம் உண்டாகும் சுருள் அசையாது நிற்க, காந்தச் சுருள் மட்டும் சுழல்கின்றது. பிறக்கும் மாறு மின்னோட்டத்தை டையோடுகள் நேர் மின்னோட்டமாக்குகின்றன. ஆதலின் அது விரைந்து சுழலவும், மெதுவோட்டத்திலும் பயன் தரவும் வல்லதாயிற்று. அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனியார் 1960-ஆம் ஆண்டின் வேலியண்ட் வண்டியில் இதனை அமைத்தனர்; பிறரும் தொடர்ந்தனர்.

இனிக் கணக்கிற்கு வருவாம். வாட் அளவை 12 வோல்ட்டால் வகுப்பின் ஆம்பியர் கிடைக்கும். 60 வாட் முன்விளக்கு இரண்டிற்கு 10 ஆம்பியர், பின்விளக்கு முதலிய சிறு விளக்குகளுக்கு 3, இயந்திரத்தின் தீப்பொறிச் சுருளுக்கு ஏறத்தாழ 4, மழைத் துடைப்பானுக்கு 4, ஆக 21. டைனமோவின் முழு வரவே 22 ஆகலின், பாட்டரிக்கு எஞ்சுவது ஒன்றே. ஊர்த் தெருவில் மெதுவாய்ச் செல்லுங்காலோ அதுவும் இல்லை; பாட்டரியிலுள்ள முதலே கரைகின்றது. மழையிரவில் நம் விளக்குகள் மங்கியதன் காரணம் இதுவே.

வானொலி, சிறு விசிறி, கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் கருவி ஆகியவற்றிற்கு 4 ஆம்பியர் சேர்ப்பின் தொடர்ச் செலவு 25 ஆகும். ஒலிப்பான், நிறுத்த விளக்கு முதலியன சிறிது நேரமே வேண்டப்படுவன. அவற்றைப் பாட்டரி தாங்கும். தொடர்ச் செலவு மின்னாக்கியின் அளவில் நான்கில் மூன்று பங்கிற்கு மேற்படாதிருத்தல் நன்று. அங்ஙனமாயின் நமக்கு வேண்டுவது 33 ஆம்பியர். லூகாஸ் 17 ஏ.சி.ஆர். தரும் 36 ஆம்பியர் இதற்குப் போதும். ஆயினும், பெயர்ப்பலகையில் காணும் எண் விரைந்த சுழற்சியில் கிடைப்பதாகலின், ஊருக்குள் மிகுதியாய் ஓட்டுவோர் 45 ஆம்பியர் கொள்ளுதல் நலம். குளிர்சாதனம் அமைப்போர்க்கு மேலும் 24 ஆம்பியர் அளவு வேண்டுமாகலின் 65 ஆம்பியர் தகும்.

அதனினும் பெரியது கொண்டால் என்ன குறை? பெரிய மின்னாக்கி விளக்குகளில் மின்சாரத்தைத் திணித்து எரித்துவிடும் என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் வீண், அழுத்தத்தை ஒழுங்குபடுத்தும் கருவி ஏறத்தாழ 14 வோல்ட்டில் நிறுத்த, ஒவ்வொரு விளக்கும் தனக்கு வேண்டியதையே கொள்ளும். உண்மைத் தீங்கு வேறிடத்து உளது. வற்றிய பாட்டரி, கிடைக்கும் ஆம்பியரைப் பெரிதும் இழுத்துக்கொள்ளும். 22 ஆம்பியருக்கென அமைந்த பழங்கம்பியின் வழியே 60 ஆம்பியர் பாயின், அக்கம்பி சூடேறி உறையும் உருகும். வண்டியே தீப்பற்றவும் கூடும். மதகைப் பெரிதாக்கி வாய்க்காலை வெட்டாது விட்டால் கரை உடைவதை நம் உழவர் அறிவர். ஆகவே மின்னாக்கியிலிருந்து பாட்டரிக்குத் தடித்த புதுக் கம்பியும், அதற்கேற்ற ஃபியூஸும் அமைத்தல் இன்றியமையாதது.

அன்றியும், 65 ஆம்பியரை 14 வோல்ட்டால் பெருக்கின் 910 வாட். உராய்வாலும் வெப்பத்தாலும் இழப்பதையும் கூட்டினால் இரண்டு குதிரைத்திறனளவு இயந்திரத்தினின்று கொள்ளப்படும். நீரேற்றியையும் சுழற்றும் ஒற்றை ஃபேன் பெல்ட் இச்சுமையில் வழுக்குமாயின், மின்சாரமும் குறையும், இயந்திரமும் கொதிக்கும்.

இன்னுமொன்று. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். பெரும்பாலான ஆல்டர்னேட்டர்களோ எதிர்முனை இணைப்பையே வேண்டுவன. இதனை நோக்காது மாட்டின் டையோடுகள் நொடியில் கெடும். இயந்திரம் ஓடுங்கால் பாட்டரியைக் கழற்றுதலும் அவற்றிற்குக் கேடே.

வேலை முடிந்தபின், விளக்குகளையும் துடைப்பானையும் இயக்கி, இயந்திரத்தை மெதுவாய் ஓடவிட்டு, பாட்டரியின் முனைகளில் வோல்ட்டை அளக்க. 13-க்குக் குறையாது, சற்று விரைவில் 14-ஐ அணுகின் தேர்வு சரியே. 12½ அளவிற்கு இறங்கின், வண்டி இன்னும் முதலைத் தின்கின்றது என்றறிக.

நாம் 45 ஆம்பியரையும், புதுக் கம்பியையும் கொண்டோம். பெரியதே சிறந்தது என்ற மிஸ்திரியார் சொல்லும், உள்ளதே போதும் என்ற நம் பழைய சோம்பலும் ஒருங்கே தவறாயின. செலவறிந்து வரவை வகுத்தலே சரியெனக் கண்டோம். மழையிரவில் வழியைக் காட்டுவது, புறப்படுமுன் காகிதத்தில் போட்ட அச்சிறு கூட்டற்கணக்கே.