கேட்டுக்கு உள்ளே எவ்வளவு பேசலாம்?

கோவண்டி ஸ்டேஷனில் இறங்கி தேவ்னார் பக்கம் நடந்தால் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் கேட் வரும். 1936-ல் தொடங்கி, 1954-ல் தேவ்னாருக்கு வந்த கல்வி நிலையம். தினமும் அந்தக் கேட்டைத் தாண்டி வேலைக்குப் போகும் தமிழர்களில் பலர் உள்ளே போனதே இல்லை. ஆனால் அங்கே கிளம்பிய ஒரு வழக்கு, செல்போனில் நாலு வரி எழுதும் எல்லோருக்கும் சம்பந்தப்பட்டது.

வழக்குப் போட்டவர் கேரளத்தைச் சேர்ந்த தலித் ஆராய்ச்சி மாணவர். 2024 ஜனவரியில் மத்திய அரசின் கல்விக் கொள்கையை எதிர்த்து டில்லியில் நடந்த மாணவர் ஊர்வலத்தில் கலந்துகொண்டார். அதே மாதம் 'ராம் கே நாம்' படத்தைப் பார்க்கும்படி சமூக வலைத்தளத்தில் எழுதினார். ஆனந்த் பட்வர்தன் எடுத்த அந்தப் படம் தேசிய விருது வாங்கியது, தூர்தர்ஷனிலேயே காட்டப்பட்டது!

நிர்வாகம் சும்மா விடவில்லை. ஏப்ரல் 18-ந் தேதி இரண்டு ஆண்டு 'சஸ்பெண்டு' செய்தது. வளாகத்தில் கால் வைக்கவும் தடை.

பம்பாய் ஐகோர்ட்டு 2025 மார்ச்சில் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. மாணவர் எந்த அரசியல் கருத்தும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கழகத்தின் பெயர் உள்ள பேனரோடு போனதால், அது கழகத்தின் கருத்து போலத் தோன்றிவிட்டது என்றது கோர்ட்டு. மே 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, இதுவரை அனுபவித்ததே போதும் என்று தண்டனையைக் குறைத்து, படிப்பைத் தொடர அனுமதித்தது. அதற்குள் ஓராண்டுக்கு மேல் போய்விட்டது. படித்து முன்னேற வந்தவனுக்கு ஓராண்டு சின்னக் காலமா?

போலீஸ் வேறு, முதலாளி வேறு

அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தரும் பேச்சுரிமை முக்கியமாக அரசைக் கட்டுப்படுத்துவது. 2012 அக்டோபரில் கார்த்தி சிதம்பரத்தைப் பற்றி ட்விட்டரில் எழுதிய புதுச்சேரி வியாபாரி கைதானார். அடுத்த மாதமே, பால் தாக்கரே மறைவையொட்டி நடந்த பந்த்தைப் பற்றி முகநூலில் எழுதிய பால்கர் பெண்ணும், அதற்கு 'லைக்' போட்ட தோழியும் கைதானார்கள். இதற்கெல்லாம் ஆயுதமாக இருந்த 66-ஏ பிரிவை 2015 மார்ச் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒழித்தது. அவதூறு, மதக் கலவரம் தூண்டுதல் போன்ற சட்டங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

ஆனால் கம்பெனி கேட்டுக்குள் நோட்டீஸ் கொடுத்தால் வாட்ச்மேன் வெளியே போகச் சொல்லலாம். முகநூல் கம்பெனி தன் விதியைக் காட்டிக் கணக்கை முடக்கலாம். தனியாரை எதிர்த்தும் இந்த உரிமையைக் கேட்கலாம் என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் சொன்னது உண்மை. சொசைட்டி ஹாலைத் தர மறுக்கும் செயலாளர் மீது அதை வைத்து வழக்குப் போட யாருக்கு லீவு கிடைக்கும்? வக்கீலுக்குக் காசு?

வாட்ஸ்அப் குரூப் நடத்தும் சங்கத்துக்காரர்களுக்கு ஒரு ஆறுதல். குரூப்பில் ஒருவர் கண்டதை எழுதினால், அதற்கு உடந்தையாக இருந்தாலொழிய அட்மின் பொறுப்பாளி அல்ல என்று பம்பாய் ஐகோர்ட்டின் நாக்பூர் கிளை 2021-ல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. எழுதியவர் பாடு அவரோடு.