பூனையின் வாய்ப்புண்ணுக்குச் சத்துப் பொடி போதுமா?

முப்பத்தைந்து வருடம் ரயில் பெட்டிகளின் சக்கரத்தோடும் அச்சோடும் குப்பை கொட்டியவனுக்குப் பூனையின் பல்லைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று அன்பர்கள் கேட்கலாம். பட்ட அனுபவம்தான் யோக்கியதை. நம் சங்கக் குடும்பங்களில் பூனை வளர்ப்பவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்குப் பயன்படட்டும்.

டோம்பிவிலியில் எங்கள் கட்டட மாடிப்படியில் மழைக்கு ஒதுங்கிய குட்டிதான் சுந்தரி. பேத்தி வைத்த பெயர். எங்களுடையது சைவ வீடு. தயிர் சாதம், பால், எப்போதாவது கடைத் தீனி என்று வளர்ந்தது. நான்காம் வயதில் ஒருநாள் தட்டருகே போய் ஒரு வாய் எடுத்தது, வீலென்று கத்திக்கொண்டு ஓடியது. அன்றிலிருந்து எச்சில் ஒழுகல், துர்நாற்றம். உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதையும் விட்டுவிட்டது. "என்னங்க, பசியோட வருது, சாப்பிட முடியாம திரும்பிப் போகுதே" என்று என் மனைவி கண் கலங்கினாள்.

முதல் தவறு என்னுடையது. பல்வலிதானே என்று பாராசிட்டமால் மாத்திரையில் கால் பங்கை உடைத்து வாயருகே கொண்டுபோனேன். நல்ல வேளை, சுந்தரி விழுங்கவில்லை. அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும் என்று பிறகுதான் அறிந்தேன். கிராம்புத் தைலமும் ஆகாது. வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்.

இரண்டாவது தவறு மூன்று மாதம் நீடித்தது. கடைக்காரர் ஒருவர் சொன்னாரென்று லைசின் பொடி, மீன் எண்ணெய் என்று டப்பா டப்பாவாக வாங்கினேன். சுந்தரி இளைத்ததுதான் மிச்சம். கடைசியில் பரேலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே மருத்துவர் அம்மா பொறுமையாக விளக்கினார்.

இது சாதாரண ஈறு வீக்கம் அல்ல, நாள்பட்ட வாய் அழற்சி. பல்லில் படியும் காரைக்கும், கலிசி வைரஸ் போன்ற கிருமிகளுக்கும் எதிராக உடம்பின் எதிர்ப்புச் சக்தி அளவு மீறிக் கொதித்தெழுவதால் வருவது என்று கருதப்படுகிறது. தொண்டை ஓரம்வரை சிவந்து புண்ணாகிவிடும். பல்லை எடுப்பதே முக்கிய சிகிச்சை.

சத்துப் பொடிகள்? லைசின் என்பது ஹெர்ப்பிஸ் வைரஸை அடக்கும் என்ற நம்பிக்கையில் வந்தது. 2015-இல் ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்கள், பூனைக்கு அதனால் பயனில்லை, கொடுப்பதை நிறுத்தலாம் என்றே எழுதினார்கள். மீன் எண்ணெய் அழற்சியைத் தணிக்கும் என்பது பொதுவான கருத்து. ஆனால் பல் எடுத்த பூனைகளுக்கு அந்தக் கொழுப்பு கூடுதலாக உள்ள தீனியைக் கொடுத்துப் பார்த்த 2012-ஆம் ஆண்டு ஆய்வில் புண் ஆறுவதில் வித்தியாசம் தெரியவில்லை. பாலிலிருந்து எடுக்கும் லாக்டோஃபெரின் புரதத்தை வாய்ப்புண்ணில் நேரடியாகத் தடவி, வலியும் எச்சிலும் குறைந்ததாக ஜப்பானில் 1996-இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. நம்பிக்கை தருவதுதான், ஆனாலும் அது துணை மருந்தே. காட் லிவர் எண்ணெயை மட்டும் தொடவேண்டாம் என்றார் அம்மா. அதிலுள்ள ஏ, டி வைட்டமின்கள் மிகுந்தால் எலும்பைக் கெடுக்கும்.

எனக்குச் சட்டென்று விளங்கியது. அச்சு சூடேறி வரும் வண்டிக்கு மேலும் மேலும் கிரீஸ் தடவினால் போதுமா? பேரிங்கை மாற்றாமல் வண்டியை விட்டால் வழியில் கவிழும். நான் மூன்று மாதம் கிரீஸ்தான் தடவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த கேள்விதான் எங்களைத் திணற வைத்தது. "என்ன சாப்பாடு?" என்றார். தயிர் சாதம் என்றோம். பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும்; அது மாமிசத்தில்தான் உண்டு. குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். இதயத் தொடர்பை 1987-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். வாய்ப்புண்ணுக்கு இது காரணம் அல்ல என்றாலும், இளைத்த உடம்பு அறுவை சிகிச்சையைத் தாங்க வேண்டுமே! அன்று ரயிலில் வரும்போது என் மனைவி நெடுநேரம் பேசவில்லை. தாணே தாண்டியதும், "நம்ம விரதம் நமக்கு. அது ஏன் பட்டினி கிடக்கணும்?" என்றாள். மறுநாளே பால்கனியில் சுந்தரிக்குத் தனித் தட்டு வந்தது. மீன் கலந்த மென்மையான டின் தீனி. மூக்கைப் பிடித்துக்கொண்டு வைப்பவள் அவள்தான்.

பூனைக்கு 30 பற்கள். சுந்தரிக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். இதற்குப் பின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பூனைகள் நன்றாகத் தேறுகின்றன. மற்றவற்றுக்கு மருந்து தொடர வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். முதல் மாதம் பயந்துகொண்டே இருந்தோம். இரண்டாம் மாதம் ஒரு காலை, வெயிலில் உட்கார்ந்து சுந்தரி தன் முதுகை நக்கிக்கொண்டிருந்தது. "தாத்தா, குளிக்குது!" என்று பேத்தி கூவினாள்.

அன்பர்களுக்கு என் வேண்டுகோள்: பூனை ஓரிரு நாள் சாப்பிடாமல் இருந்தாலே தாமதிக்காதீர்கள், பட்டினியால் அதன் ஈரலில் கொழுப்பு அடைத்துவிடும். மனித மாத்திரை கூடவே கூடாது. சத்துப் பொடி வாங்குமுன் வாயைத் திறந்து மருத்துவரிடம் காட்டுங்கள். நான் வீணாக்கிய மூன்று மாதத்தை நீங்களும் வீணாக்க வேண்டாம்.