ஸ்பார்க் பிளக்: சூடானதா, குளிர்ந்ததா?

காரில் ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றியாயிற்று. இனி 'குளிர்ந்த' பிளக் போட வேண்டுமா?

பிளக்கின் வெப்பத் தரத்துக்கும் பொறியின் வலிமைக்கும் தொடர்பில்லை. எரிப்பு அறையில் வாங்கும் வெப்பத்தை பிளக் எவ்வளவு வேகமாக என்ஜின் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதே அது. நுனியிலுள்ள பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் வெப்பம் வெளியேறும் பாதையும் நீளும். அது சூடான பிளக். குட்டையாக இருந்தால் குளிர்ந்தது.

நுனியின் வெப்பம் ஏறக்குறைய 500 முதல் 800 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் கரி எரியாமல் படியும். மின்சாரம் அதன் வழியே கசிந்து பொறி தவறும். மிகுந்தால் நுனியே தணலாகி, பொறி வருமுன்பே எரிபொருளைப் பற்றவைக்கும். பிஸ்டனே உருகி ஓட்டையாகலாம்.

ஃபில்டர், சைலன்சர் மாற்றத்தால் அறையின் வெப்பம் பெரிதாக ஏறுவதில்லை. பழைய தரமே போதும். டர்போ அழுத்தத்தையோ அமுக்க விகிதத்தையோ கூட்டியிருந்தால், பெரும்பாலும் ஒரு படி குளிர்ந்தது பொருந்தும். எண்ணில் கவனம் தேவை: என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ச்சி, பாஷில் எண் கூடினால் சூடு.

சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் கழற்றிப் பாருங்கள். இளம்பழுப்பு அல்லது சாம்பல் நிறம் நல்லது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அதிகச் சூடு. கரி படிந்திருந்தால், பிளக்கை மாற்றுமுன் எரிபொருள் கலவையைச் சோதியுங்கள்.