பீரும் அக்கானிக் கலயமும்

நம்மூர்ப் பீரைப் பற்றிப் பழைய புகார் ஒன்று உண்டு. அதில் கிளிசரின் கலக்கிறார்கள், வெளிநாட்டுப் பீரில் அது கிடையாது என்பார்கள். நிரூபிக்கச் சொன்னால் பாட்டிலைத் திறந்து, வாயைக் கட்டைவிரலால் பொத்திக் கவிழ்த்து, டம்ளர் தண்ணீருக்குள் அமுக்கிக் காட்டுவார்கள். கனமாக ஏதோ நெளிந்து நெளிந்து இறங்கும். இறங்குவது பீர்தான். நொதிக்காமல் மிஞ்சிய மாவுப்பொருள்களால் பீர் பெரும்பாலும் தண்ணீரைவிடச் சற்று அடர்த்தியாக இருக்கும். அது கீழே வழிய, தண்ணீர் மேலேறி அந்த இடத்தைப் பிடிக்கிறது. இரண்டிலும் ஒளி வளைவது வேறுவேறு அளவில் என்பதால் நெளிவு கண்ணுக்குத் தெரிகிறது. கிளிசரினோ, ஈஸ்ட் தானே உண்டாக்குவது. லிட்டருக்கு ஓரிரு கிராம் எந்த நாட்டுப் பீரிலும் இருக்கும். பாட்டிலைக் கவிழ்த்தவர் காசு கொடுத்து வாங்கியதில் தண்ணீரைக் கலந்து குடிக்கிறார், அவ்வளவுதான்.

ஆனாலும் சுவை வேறுபடுவது மெய். டாஸ்மாக் கடையில் கிடைக்கும் பீரும் பெருநிறுவனங்களின் வெளிநாட்டுப் பீரும் பெரும்பாலும் ஒரே குலம்: 1842-இல் இன்றைய செக் நாட்டின் பில்சன் நகரில் பிறந்த பொன்னிற லாகரின் வாரிசுகள். இங்கே பார்லி மால்ட்டோடு அரிசியோ சர்க்கரையோ சேர்க்கிறார்கள். சர்க்கரையை ஈஸ்ட் மிச்சமில்லாமல் சாராயமாக்கிவிடும். மால்ட் தரும் கொழுமை குறைய, சாராயத்தின் காட்டம் முன்னே நிற்கும். இந்தியாவில் அதிகம் விற்பது எட்டு சதவீதத்தை எட்டும் ‘ஸ்ட்ராங்’ வகைதான். காட்டத்தைக் கேட்டு வாங்குகிறவர்களுக்கு அதையே கொடுக்கிறார்கள்.

வெளிநாட்டுப் பீருக்கே உரியது என்று சிலர் மெச்சும் வாசனைக்கு இன்னொரு கதை. பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் உடைந்து, கந்தகம் கலந்த நாற்றம் ஒன்றை உண்டாக்கும். பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியைத் தடுக்கும். பச்சைக் கண்ணாடி சரியாகத் தடுக்காது. கடல் கடந்து வந்து கடை விளக்கின் கீழ் மாதக்கணக்கில் நின்ற பச்சை பாட்டிலில் நாம் முகர்வது பலசமயம் கெட்டுப்போன ஹாப்ஸைத்தான். பெங்களூரில் காய்ச்சிய இடத்திலேயே ஊற்றித் தரும் கிராஃப்ட் பீர் நன்றாக இருப்பதற்கும் பெரிய மர்மம் கிடையாது. அது பயணம் போகவில்லை, வெயில் படவில்லை, பல இடங்களில் வடிகட்டப்படவும் இல்லை.

பயணம் போகாத பானம் என்றால் நாஞ்சில் நாட்டில் பனைமரத்தைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும். பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் காலையில் இறங்குவது அக்கானி. மற்ற ஊர்களில் பதநீர். சுண்ணாம்பின் காரத்தன்மை நுண்ணுயிர்களைத் தடுத்துவிடும். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு தடவாவிட்டால் அதே சாறு கள். பத்து சதவீதத்துக்கும் மேல் சர்க்கரை உள்ள சாறு சொட்டத் தொடங்கியதுமே வேலை ஆரம்பமாகிவிடும். முதலில் லாக்டிக் பாக்டீரியாக்கள் இலேசாகப் புளிக்க வைக்கும். கூடவே ஈஸ்ட் சாராயத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும்; கள்ளின் வெண்மை அதில் மிதக்கும் நுண்ணுயிர்களின் நிறம். பழைய கலயத்தில் ஒட்டியிருக்கும் மிச்சமே அடுத்த நாளைக்கு உறை.

இவற்றோடு சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் சேரும். சாராயம் ஆக்குவதில் ஈஸ்ட்டையே முந்தக்கூடியது. மெக்சிகோவின் கற்றாழைக் கள்ளிலிருந்து 1920களில் பிரித்தெடுத்தார்கள். பீர் ஆலைக்குள் புகுந்தால் அழுகல் நாற்றத்தைக் கிளப்பும் என்பதால் அங்கே அது விரோதி. பனைமேல் அது கூலி கேட்காத வேலையாள்.

ஐரோப்பாவில் 1883-இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வித்தை வளர்த்தெடுத்தார். அதன்பின் உலகப் பீர் பெரும்பாலும் ஒரே சீரானது. மீறி நின்றது பெல்ஜியத்தின் லாம்பிக். பிரஸ்ஸல்ஸ் பக்கம் குளிர்காலத்தில் காய்ச்சிய சாற்றை இரவெல்லாம் திறந்து ஆறவிட்டு, காற்றிலும் மரத்திலும் உள்ள காட்டு நுண்ணுயிர்களை நம்பி, ஓக் பீப்பாயில் ஒன்று முதல் மூன்று வருடம் வரை வைக்கிறார்கள். இன்று கிராஃப்ட் பீர்க்காரர்கள் காசைக் கொட்டித் தேடுவது இந்தப் புளிப்பையும் பழவாசனையையும்தான். நம் வெயிலில் பனைக்கு அரைநாள் போதும். முப்பது டிகிரியில் எல்லாம் அவசரம். கெடுவதும் அவசரம்: மறுநாள் அசெட்டிக் பாக்டீரியா சாராயத்தைக் காடியாக்கிவிடும். அதற்குள் ஆப்பமாவில் ஊற்றியவர் பிழைத்தார்.

1956 நவம்பர் 1-இல் நாஞ்சில் நாட்டவரான நாம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, அன்று சென்னை மாநிலம் எனப்பட்ட தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை. இந்தப் பக்கம் எட்டு சதவீதப் பீரை அரசே விற்கிறது. நாலைந்து சதவீதத்துக்குத் தடை, எட்டுக்கு ரசீது. இதன் வேதியியல் எனக்குப் பிடிபடவில்லை.

தடை இல்லாவிட்டாலும் கள்ளைப் பீர்போலக் கடைகடையாக அனுப்ப முடியாது. உயிரோடு அடைத்தால் ஈஸ்ட் ஓயாமல் வாயு விட, பாட்டில் வெடிக்கும். யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளைப் போத்தலில் அடைத்து விற்கிறார்கள். அதற்குச் சூடாக்கி நுண்ணுயிரைக் கொல்ல வேண்டியிருக்கிறது. கொன்றபின் புளிப்பும் இனிப்பும் தங்கும், ஆனால் இளங்கள்ளின் மெல்லிய பழவாசனை ஆவியாகிக் குறைந்துவிடும்.