ஞாயிற்றின் நாடி

வானொலி என்னும் சொல்லை ஆக்கியோர் மாந்தரின் பேச்சையும் பாட்டையும் கருதியே ஆக்கினர். வானமே ஒலிக்குமென எண்ணியிரார். 1942 பெப்ரவரி இறுதியில் இங்கிலாந்தின் இராடார்க் கருவிகள் இரைச்சலில் மூழ்கின. பகைவரின் சூழ்ச்சியோவென ஐயுற்ற படையினர்க்கு, அது ஞாயிற்றிலிருந்து வந்த அலையே என ஹே என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். போர்க்கால மறைவினால் அச்செய்தி 1946இலேதான் வெளிப்பட்டது.

நம் மலைநாட்டுத் தோட்டங்களில் சிற்றலை கேட்டுப் பழகியோர் ஒன்றை அறிவர். பட்டப்பகலில் பாட்டுத் திடீரென மங்கும். சிறிது நேரங் கழித்துத் தானே மீளும். பெட்டியைத் தட்டிப் பார்ப்போரும் பற்றரியைப் பழிப்போரும் உண்டு. அம்மங்கல்களுட் சில ஞாயிற்றின் சுடர்வெடிப்பால் நேர்ந்தவையாதல் கூடும். வெடிப்பின் எக்ஸ்கதிர் நம் மேல்வளியின் தாழ்ந்த அடுக்கைத் தாக்க, அது சிற்றலைகளை விழுங்கிவிடும்.

ஞாயிற்றின் காந்தக் கோடுகள் முறுக்குண்டு, அறுந்து, வேறுவகையாய்ப் பிணையும்போது தேங்கிய ஆற்றல் சட்டெனப் பீறிடுவதே சுடர்வெடிப்பு. அப்போது எழும் வானொலி சீராக வருவதன்று. பல வேளைகளில் நாடிபோல் ஓங்கித் தாழும். வெடிப்பொன்றில் 16 விநாடிக்கொருமுறை இவ்வாறு துடித்ததைப் பாக்ஸ், விங்க்லர் என்னும் இருவர் 1969இல் எழுதினர்.

இத்துடிப்பு எதற்கு உதவும்? கொழுந்துச் சாக்குகளை மலையுச்சியிலிருந்து தொழிற்சாலைக்கு இறக்கிய கம்பியை நினைவுகூர்க. சாக்குக் கழன்றதும் கம்பி அதிரும். இறுகிய கம்பி விரைந்தும், தளர்ந்த கம்பி மெல்லவும், கனத்த கம்பி இன்னும் மெல்லவும் ஆடும். ஆட்டத்தின் காலமும் கம்பியின் கனமும் தெரிந்தால் அதன் இறுக்கத்தைக் கணக்கிடலாம். ஞாயிற்றின் மேல்வளியில் வளைந்து நிற்கும் காந்தக் கோடுகளே அக்கம்பிகள். காந்த வலிமையே இறுக்கம். கனத்தை, அஃதாவது அங்குள்ள வாயுவின் அடர்த்தியை, வானொலியின் அலையெண்ணே காட்டிக்கொடுக்கும். கோல்கொண்டு எட்டவியலா இடத்தை அளக்க இதனினும் நயமானதொரு வழியை யான் கண்டிலேன்.

இவ்வளவை நம் அயலிலேயே நிகழ்ந்தது. பெங்களூருக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில் கௌரிபிதனூர் என்னும் ஊர் உளது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வானொலிக் கருவிகள் அங்கு ஞாயிற்றை நோக்கி நிற்கின்றன. அவற்றைக்கொண்டு சசிகுமார் ராஜா, ரமேஷ் என்னும் இருவர், ஞாயிற்றின் மேல்வளியில் பாயும் இலத்திரன் கற்றைகள் எழுப்பிய வானொலியை ஆய்ந்தனர். 80 மெகாஹெர்ட்ஸ் அலையெண்ணில் அது 5.2 விநாடிக்கொருமுறை துடித்தது. அத்துடிப்பினின்றும் காந்த வலிமையைக் கணித்தனர். பின்னர், அலைகள் சுழன்று வரும் அளவினின்றும் தனியே கணித்தனர். இரு வழியும் ஏறத்தாழ 4.2 கவுஸ் என ஒத்துநின்றன. நம் நிலத்தின் காந்தத்தைப்போல் இது பத்து மடங்களவினது. 2013இல் இம்முடிவு வெளிவந்தது. ஒரு பொருளை இரு சாட்சியர், ஒருவரையொருவர் அறியாமல், ஒன்றுபோலக் கூறின் அதனைத் தள்ளுதல் அரிது.

ஆயினும் எல்லாத் துடிப்பும் கம்பியின் ஆட்டந்தானோ? ஆம் என்பார் ஒருசாரார். அன்று, காந்தக் கோடுகள் விட்டுவிட்டு அறுந்து பிணைவதாலேயே ஆற்றல் தவணை தவணையாக வெளிப்படுகிறது என்பார் மற்றொரு சாரார். வழக்கு இன்னும் முடிந்திலது.

தமிழாசிரியன் என்ற முறையில் இவ்விடத்து எனக்கு ஒரு கவலை. நம் பாடநூல்களில் ‘அலைவு’ என்னும் சொல் உண்டு. அதனை இங்கு இட்டால், ஏதோவொன்று நிலைபெயர்ந்து ஆடுகிறதென முதற்சாரார்க்கே தீர்ப்பு வழங்கியவராவோம். ‘துடிப்பு’ என்றாலோ, கண்டதை மட்டும் கூறியவாறாம். அறிவியலாரும் ‘ஓரளவு முறையான துடிப்பு’ என்னும் பொருள்பட அடக்கமாகவே பெயரிட்டுள்ளனர். கலைச்சொல் ஆக்கும் இளைஞர்காள், வழக்குத் தீரும்வரை ‘துடிப்பு’ என்றே எழுதுங்கள்.