பேருந்துப் பயணிகளின் கணக்கும் வரைபடமும்

"எங்கள் ஊர்ப் பேருந்தில் கால் வைக்க இடமில்லை" என்று கிராம சபையில் முறையிடுவோர் பலர். முறையீடு உண்மையே. ஆயினும் எந்த நேரத்தில், எவ்வூர்களுக்கு இடையே நெருக்கடி என்பதைக் காட்டினால்தான் அதற்கு வலு உண்டாகும். அவ்வாறு காட்டுவதற்கு வரைபடம் பெருந்துணை செய்யும்.

அயர்லாந்தில் இருப்புப்பாதை அமைப்பதைப் பற்றி ஆராய்ந்த ஆணையத்துக்காக, 1837-இல் ஹென்றி ஹார்னஸ் என்னும் இராணுவப் பொறியாளர் ஒரு படம் வரைந்தார். பயணிகள் மிகுந்த வழி அதில் தடித்த கோடு. குறைந்த வழி மெல்லிய கோடு. அம்முறையை நம் பஞ்சாயத்துகளும் கையாளலாம்.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையை எடுத்துக்கொள்வோம். ஒரு பேருந்தில் செங்கற்பட்டில் 40 பேர் ஏறுவதாகக் கொள்வோம். இடையில் ஓர் ஊரில் 5 பேர் இறங்கி 25 பேர் ஏறினால், அதன்பின் வண்டியில் இருப்போர் 60 பேர். திருக்கழுக்குன்றத்தில் 45 பேர் இறங்கி 10 பேர் ஏறினால், எஞ்சுவோர் 25 பேர். 10 பேருக்கு 1 மில்லிமீட்டர் தடிப்பு என வரைந்தால், கோடு முறையே 4, 6, 2.5 மில்லிமீட்டராக அமையும். இக்கணக்குப்படி நெருக்கடி திருக்கழுக்குன்றம் வரையில்தான். மாமல்லபுரம் வரை வண்டி கேட்பதைவிட, அவ்வேளையில் திருக்கழுக்குன்றத்துக்கு ஒரு வண்டி கேட்பதே பொருந்தும் என்பது பார்த்தவுடன் விளங்குகிறதன்றோ?

எண்ணும்போது சில எச்சரிக்கைகள் தேவை. காலைக்கும் மாலைக்கும் தனித்தனிப் படம் வேண்டும். சித்திரைத் திருவிழா நாளின் கூட்டத்தை அன்றாடக் கூட்டமாகக் கொள்ளலாகாது. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத் திட்டத்தில் அவர்களுக்கும் சீட்டு வழங்கியதால், அவர்கள் எண்ணிக்கையும் கணக்கில் சேர்ந்தது. சீட்டின்றிச் செல்லும் பள்ளி மாணவர்களோ சீட்டுக் கணக்கில் வாரார். அவர்களைத் தனியே எண்ணுதல் வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. பேருந்தில் ஏறியவரை மட்டுமே சீட்டு அறியும். இடமின்றி நிறுத்தத்தில் நின்றுவிட்டவரையும், காய்கறிக் கூடையுடன் பெருஞ்சாலைக்கு நடந்து வருபவரையும் அது அறியாது. பேருந்தே செல்லாத ஊர் படத்தில் வெற்றிடமாகத் தோன்றும். 'அங்கே பயணிகள் இல்லை' என்று அதற்குப் பொருள் கொள்வது தவறு. அவ்வூராரை எண்ணிச் சிவப்புப் புள்ளிக் கோட்டால் குறிப்பது பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமையாகும்.

ஒரு வாரம் எண்ணி வரைந்த படத்தைக் கிராம சபையில் வைத்து, தீர்மானத்துடன் போக்குவரத்துக் கழகப் பணிமனைக்கு அனுப்புங்கள். சொல்லால் விளங்காத குறையையும் ஒரு கோடு விளக்கிவிடும்.